மழை இல்லையா, பதிவு இல்லையா: தரவுத்தள வினவல்களில் நல் மதிப்பைக் கையாளுவது எப்படி

மழைமானியைத் தினமும் பார்த்துக் குறிப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30 மணிக்குப் போய், முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையை மில்லிமீட்டரில் எழுதுகிறார். மழை இல்லாத நாளுக்கு 0. ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், மானிப் பக்கமே போகவில்லை. அன்றைய கட்டத்தில் என்ன எழுதுவது? 0 என்று எழுதினால் அது பொய்யாகிவிடலாம். பெய்ததா இல்லையா என்பதே தெரியாதபோது, கட்டத்தைக் காலியாக விடுவதுதான் சரி.

அந்தக் காலிக் கட்டத்துக்குத் தரவுத்தளத்தில் நல் என்று பெயர். ‘நல்ல’ என்பதன் நல் அல்ல, ‘இங்கே மதிப்பு எதுவும் இல்லை’ என்று சொல்லும் ஆங்கிலச் சொல் (என்-யூ-எல்-எல்). நல் என்பது 0 அல்ல, காலிச் சரமும் (ஓர் எழுத்துகூட இல்லாத உரையும்) அல்ல, பொய் என்ற மதிப்பும் அல்ல. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் கற்கத் தொடங்குபவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிறகு அவர்கள் எழுதும் வினவல்கள் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடை தருகின்றன. பிழைச்செய்தி வந்தால் பரவாயில்லை, திருத்திவிடலாம். ஒன்றும் சொல்லாமல் வரும் தவறான எண்தான் ஆபத்து. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியையும் கையால் செய்து பார்க்கும்படி அமைத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிக்கும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டச்சும்போது செலக்ட், வேர் போன்ற கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அட்டவணை, நெடுவரிசைப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்கள் மூன்றும் அவற்றை ஏற்றுக்கொள்ளும்.

பயிற்சி அட்டவணை

எஸ்கியூலைட் போதும். சிறிய மென்பொருள், சர்வர் எதுவும் ஓடத் தேவையில்லை. திறந்ததும் முதல் வேலையாக இதை அடியுங்கள்:

.நல்வேல்யூ (நல்)

புள்ளியோடு தொடங்கி, நல், வேல்யூ இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுத வேண்டும். எஸ்கியூலைட்டின் கட்டளைத் திரை நல் மதிப்பை வெறும் காலியிடமாகத்தான் காட்டும். காலிச் சரமும் அப்படியேதான் தெரியும். இந்தக் கட்டளைக்குப் பிறகு நல் இருக்கும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தச் சொல்லே வரும். போஸ்ட்கிரெஸின் பீஎஸ்கியூஎல் திரையிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பின்சாய்வுக்கோடு போட்டு ‘பீசெட் நல்’ என்ற கட்டளை. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் கற்க முடியாது.

இப்போது அட்டவணை:

கிரியேட் டேபிள் மழை (
எண் இன்டிஜர் பிரைமரி கீ,
இடம் டெக்ஸ்ட் நாட் நல்,
நாள் டெக்ஸ்ட் நாட் நல்,
அளவு ரியல்,
பதிந்தவர் இன்டிஜர்);

இன்சர்ட் இன்டூ மழை (இடம், நாள், அளவு, பதிந்தவர்) வேல்யூஸ்
('ஏரிக்கரை', '2024-11-05', 12, 1),
('பள்ளிக்கூடம்', '2024-11-05', 0, 2),
('மேட்டுத்தெரு', '2024-11-05', நல், நல்),
('கோயில்வாசல்', '2024-11-05', 8, 1),
('தோப்பு', '2024-11-05', நல், நல்);

இடங்களும் எண்களும் பயிற்சிக்காக நான் வைத்தவை. மூன்று மானிகளைப் பார்த்திருக்கிறார்கள், இரண்டை யாரும் பார்க்கவில்லை. பார்த்த மூன்றில் ஒன்று 0. அந்த 0 முக்கியம், அதை மறந்துவிடாதீர்கள்.

நல் என்பதை மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. போட்டால் அது சாதாரண எழுத்துச் சரமாகிவிடும். ஒருவருடைய பெயர் அப்படி எழுதப்படுவது போலத்தான். மதிப்பு இருக்கிறது என்றே தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும்.

சமக்குறி ஏன் வேலை செய்யாது

மழை அளவு இல்லாத இடங்களைத் தேட, எல்லோரும் முதலில் எழுதுவது இது:

செலக்ட் இடம் ஃப்ரம் மழை வேர் அளவு = நல்;

ஒரு வரிசைகூட வராது. சமக்குறிக்குப் பதிலாக ‘சமமில்லை’ என்னும் <> போட்டாலும் வராது. சரியான வடிவம் இது:

செலக்ட் இடம் ஃப்ரம் மழை வேர் அளவு இஸ் நல்;

மேட்டுத்தெருவும் தோப்பும் வரும். எதிர்மறைக்கு ‘இஸ் நாட் நல்’.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே அவிழும். மூடிய பெட்டிகள் இரண்டு இருக்கின்றன, உள்ளே என்ன என்று தெரியாது. ‘இரண்டிலும் இருப்பது ஒன்றுதானா?’ என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ‘தெரியாது’ என்பதே விடை. எஸ்கியூஎலும் அப்படித்தான் சொல்கிறது. உண்மை, பொய் இரண்டோடு ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடையும் அதற்கு உண்டு. நல் மதிப்பை எதோடு ஒப்பிட்டாலும், இன்னொரு நல் மதிப்போடு ஒப்பிட்டாலும்கூட, விடை ‘தெரியாது’. நிபந்தனை எழுதும் வேர் பகுதியோ ‘உண்மை’ என்று விடை வந்த வரிசைகளை மட்டும்தான் உள்ளே விடும். பொய்யானவையும் தெரியாதவையும் வாசலிலேயே நின்றுவிடும்.

இந்த மூன்று விடைகளையும் ‘ஆண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ கொண்டு இணைக்கும்போது நம் அன்றாட அறிவே போதும். ‘பொய் ஆண்ட் தெரியாது’ என்றால் பொய். ஒரு பக்கம் பொய்யானபின் மறுபக்கம் எதுவானால் என்ன. ‘உண்மை ஆர் தெரியாது’ என்றால் உண்மை. ‘நாட் தெரியாது’ என்றால் மறுபடியும் தெரியாது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லோரையும் தடுக்கி விழவைப்பது.

இந்த ஏற்பாடு எட்கர் காட் சிந்தனையிலிருந்து வந்தது. 1970-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபடி தொடர்புசார் தரவுத்தள மாதிரியை முன்வைத்தவர் அவர். 1979-இல் எழுதிய கட்டுரையில் நல் மதிப்பையும் மூன்று விடைத் தர்க்கத்தையும் விரித்துச் சொன்னார். 1985-இல் அவர் வகுத்த விதிகளில் மூன்றாவது விதி, இல்லாத தகவலை ஒரே சீராக, காலிச் சரத்திலிருந்தும் பூஜ்யத்திலிருந்தும் வேறாகக் கையாள வேண்டும் என்கிறது. அவரோடு நெருங்கி வேலை செய்த கிறிஸ் டேட், நல் மதிப்பே கூடாது என்று பல ஆண்டுகளாக வாதாடியவர். அந்த விவாதத்தில் டேட் பக்கமும் வலுவானதுதான். ஆனால் நாம் வேலை செய்யும் தரவுத்தளங்களில் நல் இருக்கிறது, எனவே அதோடு பழகியே ஆக வேண்டும்.

காணாமல் போகும் வரிசைகள்

இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்:

செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் மழை வேர் அளவு < 10;
செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் மழை வேர் நாட் (அளவு < 10);

முதலாவது 2, அடுத்தது 1. பத்துக்குக் குறைவானவையும் குறைவில்லாதவையும் சேர்ந்தால் மொத்தமும் வர வேண்டும் அல்லவா? மொத்தம் 5, வந்ததோ 3. மற்ற இரண்டும் ‘தெரியாது’ என்ற விடையோடு இரண்டு வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டவை. ஓர் அறிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதும்போது இரண்டின் கூட்டுத்தொகையும் மொத்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

நிபந்தனைக்கு ஏற்ப வெவ்வேறு மதிப்பைத் தரும் கேஸ் எழுதும்போது நடப்பது இதைவிட மோசம். ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று கணக்கிடும். அதை அப்படியே எழுதினால்:

கேஸ் வென் அளவு >= 2.5 தென் 'மழை நாள்' எல்ஸ் 'மழையில்லா நாள்' எண்ட்

மேட்டுத்தெருவும் தோப்பும் ‘மழையில்லா நாள்’ ஆகிவிடும். யாரும் பார்க்காத மானிக்கு மழை இல்லை என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். வேர் பகுதியில் வரிசை காணாமல் போனது. இங்கே அது தவறான கூடையில் விழுகிறது. ‘வென் அளவு இஸ் நல் தென் 'பதிவில்லை'’ என்பதை முதல் கிளையாக வைத்துவிடுங்கள். எல்ஸ் எழுதும் ஒவ்வொரு முறையும் ‘நல் வந்தால் இங்கேதான் விழும், அது சரியா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட் இன்: கூடுதல் கவனம் தேவைப்படும் இடம்

பதிவாளர்களுக்கு ஓர் அட்டவணை சேர்ப்போம்:

கிரியேட் டேபிள் பதிவாளர் (எண் இன்டிஜர் பிரைமரி கீ, பெயர் டெக்ஸ்ட்);
இன்சர்ட் இன்டூ பதிவாளர் வேல்யூஸ் (1, 'முதலாமவர்'), (2, 'இரண்டாமவர்'), (3, 'மூன்றாமவர்');

அன்று எதையும் பதியாதவர் யார்? மூன்றாமவர்தான், அட்டவணையைப் பார்த்தாலே தெரிகிறது. வினவல்:

செலக்ட் பெயர் ஃப்ரம் பதிவாளர்
வேர் எண் நாட் இன் (செலக்ட் பதிந்தவர் ஃப்ரம் மழை);

ஓட்டினால் ஒன்றும் வராது. ‘நாட் இன்’ என்பதைத் தரவுத்தளம் இப்படி விரிக்கிறது: எண் 1-க்குச் சமமில்லை, 2-க்கும் சமமில்லை, நல் மதிப்புக்கும் சமமில்லை. கடைசிக் கேள்விக்கு விடை ‘தெரியாது’. மூன்றாமவருக்கு முதல் இரண்டும் உண்மையானாலும், ‘உண்மை ஆண்ட் தெரியாது’ என்பது தெரியாதுதான். ஆகவே யாருமே உள்ளே வர முடியாது. ஆயிரம் வரிசைகளில் ஒரே ஒரு நல் இருந்தால் போதும், முழுப் பட்டியலும் காலியாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பிழையை நான் செய்தேன். அந்த ஆண்டில் ஒருமுறைகூட ஆர்டர் தராத வாடிக்கையாளர்களின் பட்டியலைக் கேட்டார்கள். நாட் இன் போட்டு எழுதினேன், காலியாக வந்தது. ‘எல்லோருமே வாங்கியிருக்கிறார்கள்’ என்று எழுதி அனுப்பினேன். விற்பனைப் பிரிவினர் அதை நம்பி, பழைய வாடிக்கையாளர்களை அழைத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, நெடுநாளாக வராத ஒருவர் பெயரைச் சொல்லி ‘இவர் எப்போது வாங்கினார்?’ என்று ஒருவர் கேட்டபோதுதான் தோண்டிப் பார்த்தோம். கவுன்ட்டரில் வந்து வாங்கிப்போன யாரோ ஒருவரின் ஆர்டரில் வாடிக்கையாளர் எண் பதிவாகவில்லை. அந்த ஒரு வரிசைதான் காரணம். அன்றிலிருந்து உள்வினவலோடு நாட் இன் எழுதுவதையே விட்டுவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இப்படி எழுதுங்கள்:

செலக்ட் பெயர் ஃப்ரம் பதிவாளர்
வேர் நாட் எக்சிஸ்ட்ஸ்
(செலக்ட் 1 ஃப்ரம் மழை வேர் மழை.பதிந்தவர் = பதிவாளர்.எண்);

‘இவருடைய எண்ணோடு பொருந்தும் வரிசை ஒன்றாவது இருக்கிறதா?’ என்று மட்டுமே இது கேட்கிறது. நல் உள்ள வரிசை பொருந்தாது, அவ்வளவுதான். மூன்றாமவர் சரியாக வருவார்.

எண்ணுதல், கூட்டுதல், சராசரி

கவுன்ட்(*) என்றால் வரிசைகளின் எண்ணிக்கை. கவுன்ட்(அளவு) என்றால் அளவு இருக்கும் வரிசைகளின் எண்ணிக்கை. நம் அட்டவணையில் முதலாவது 5, அடுத்தது 3. சம் (கூட்டுத்தொகை), ஏவிஜி (சராசரி), மின் (மிகக் குறைந்தது), மேக்ஸ் (மிக அதிகம்) எல்லாமே நல் மதிப்பைத் தாண்டிப் போய்விடும்.

எனவே ஏவிஜி(அளவு) என்பது 12, 0, 8 மூன்றின் கூட்டுத்தொகை 20-ஐ 3-ஆல் வகுத்து, சுமார் 6.67 தரும். யாராவது ‘நல் இருந்தால் தொல்லை’ என்று அதையெல்லாம் பூஜ்யமாக மாற்றிவிட்டு ஏவிஜி எடுத்தால் 20-ஐ 5-ஆல் வகுத்து 4 வரும். ஒரே தரவு, இரண்டு சராசரி. எது சரி? பார்த்த மானிகளின் சராசரி 6.67. நாலு என்பது, பார்க்காத இடங்களில் மழையே இல்லை என்று நாமாக முடிவுகட்டியதால் வந்தது.

மழைக் கணக்கில் இந்த முடிவு எவ்வளவு விபரீதம் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட மழையில் ஏதோ ஒரு மானியைப் பார்க்க ஆள் போக முடியாமல் போனால், வெள்ளம் புகுந்த அந்த நாள் அட்டவணையில் நல் ஆகும். அதைப் பூஜ்யமாக மாற்றினால், அதிகம் பெய்த நாளே மழையில்லாத நாளாகக் கணக்கில் ஏறும். விடுபட்ட தகவல்கள் எல்லா நாளிலும் சமமாக விடுபடுவதில்லை. மிக மோசமான நாட்களில்தான் அதிகம் விடுபடுகின்றன.

அதற்காக 6.67-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட வேண்டாம். பக்கத்திலேயே கவுன்ட்(அளவு), கவுன்ட்(*) இரண்டையும் காட்டுங்கள். ‘5 மானிகளில் 3-இன் சராசரி’ என்று தெரிந்தால் படிப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

கூட்டுவதில் இன்னொரு பொறி உண்டு. காலை, மாலை என இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் காலை 5, மாலை நல். அடுத்த வரிசையில் காலை 3, மாலை 4. சம்(காலை + மாலை) எழுதினால் 7 வரும். முதல் வரிசையின் 5 + நல் என்பது நல் ஆகி, அந்த ஐந்தும் சேர்ந்தே போய்விட்டது. சம்(காலை) + சம்(மாலை) எழுதினால் 12 வரும். வரிசைக்குள் கூட்டும்போது நல் எல்லாவற்றையும் விழுங்கும், நெடுவரிசையில் மேலிருந்து கீழாகக் கூட்டும்போது சம் அதைக் கண்டுகொள்ளாமல் போகும். இந்த இரண்டு நடத்தைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், ஒரு வரிசைகூட இல்லாத இடத்தில் சம் எடுத்தால் 0 வராது, நல் வரும். கவுன்ட் மட்டும்தான் 0 தரும்.

கோயலெஸ், நல்இஃப்

நல் இருக்கும் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டிய நேரமும் வரும். அதற்குக் கோயலெஸ். ஆங்கிலத்தில் சி-ஓ-ஏ-எல்-இ-எஸ்-சி-இ என்று எழுத வேண்டும், ஆரம்பத்தில் எல்லோரும் எழுத்தை மாற்றிவிடுவார்கள். அடைப்புக்குறிக்குள் தரும் மதிப்புகளில், இடமிருந்து வலமாகப் பார்த்து, நல் அல்லாத முதல் மதிப்பைத் தரும். கோயலெஸ்(கைபேசி, வீட்டுத்தொலைபேசி, 'எண் இல்லை') என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

இது 1992 எஸ்கியூஎல் தரநிலையிலேயே இடம்பெற்றது, எல்லாப் பெரிய தரவுத்தளங்களிலும் ஓடும். ஆரக்கிளில் என்விஎல், மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூலைட்டிலும் இஃப்நல், எஸ்கியூஎல் சர்வரில் இஸ்நல் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். இதில் இஸ்நல் என்பது மைஎஸ்கியூஎல்லிலும் உண்டு, ஆனால் அங்கே அது ஒரே ஒரு மதிப்பை வாங்கிக்கொண்டு ‘நல்லா, இல்லையா’ என்று 1 அல்லது 0 சொல்லும். கோயலெஸ் ஒன்றையே பழகிக்கொண்டால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

எப்போது 0 போடலாம்? உங்களுக்கு அது உண்மையிலேயே 0 என்று தெரிந்தால் மட்டும். ‘இந்த மாதம் விற்பனை வரிசையே இல்லை, எனவே சம் நல் தருகிறது’ என்றால் விற்பனை உண்மையில் 0-தான். கோயலெஸ்(சம்(தொகை), 0) சரி. யாரும் பார்க்காத மழைமானிக்கு அது சரியில்லை.

நல்இஃப் நேர் எதிர்த்திசை. நல்இஃப்(அ, ஆ) என்றால், இரண்டும் சமமானால் நல், இல்லையென்றால் அ. வகுத்தலில் இது கைகொடுக்கும்: மொத்தம் / நல்இஃப்(எண்ணிக்கை, 0) என்று எழுதினால், எண்ணிக்கை பூஜ்யமாகும்போது போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் பிழையோடு நிற்காமல் விடை நல் ஆகிவிடும்.

மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பிலிருந்து தரவை ஏற்றும்போது நல்இஃப் இன்னும் பெரிய உதவி. எஸ்கியூலைட்டின் இம்போர்ட் கட்டளை, கோப்பில் காலியாக இருக்கும் கட்டத்தை நல் ஆக எடுக்காது, காலிச் சரமாகவே ஏற்றும். எண்ணாகத் தெரியாத சரத்தை ஏவிஜி பூஜ்யமாகக் கணக்கிடும். நாம் இவ்வளவு நேரம் தவிர்க்கப் பாடுபட்ட அதே தவறு, நாம் ஒன்றும் செய்யாமலேயே நடந்துவிடுகிறது. ஏற்றி முடித்ததும் இதை ஓட்டிவிடுங்கள்:

அப்டேட் மழை செட் அளவு = நல்இஃப்(அளவு, '');

போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளை சிஎஸ்வியில் மேற்கோள் இல்லாத காலிக் கட்டத்தை நல் என்றும், இரட்டை மேற்கோளோடு இருக்கும் காலியைக் காலிச் சரம் என்றும் பிரித்துப் பார்க்கும். ஆரக்கிளோ காலிச் சரத்தையே நல் என்றுதான் வைத்துக்கொள்ளும். அங்கே இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் சோதிக்க வேண்டியது இதுதான்.

பெயரும் முதலெழுத்தும்

தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் எவருக்கும் இது வரும். அப்பா பெயரின் முதலெழுத்து தனி நெடுவரிசை, பெயர் தனி நெடுவரிசை. சிலருக்கு முதலெழுத்து பதிவாகவில்லை, நல். எஸ்கியூலைட்டிலோ போஸ்ட்கிரெஸிலோ

முதலெழுத்து || '. ' || பெயர்

என்று ஒட்டினால், முதலெழுத்து இல்லாதவரின் முழுப் பெயரும் நல் ஆகிவிடும். அழைப்பிதழில் பெயரே அச்சாகாது. புள்ளியையும் உள்ளே சேர்த்துக் கோயலெஸ் போட்டால் அழகாகத் தீரும்:

கோயலெஸ்(முதலெழுத்து || '. ', '') || பெயர்

முதலெழுத்து இல்லையென்றால் புள்ளியும் சேர்ந்தே மறைந்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் இரட்டைக் கோட்டுக்கு வழக்கமாக ‘ஆர்’ என்றுதான் பொருள், அங்கே கான்கேட் செயற்கூறு வேண்டும். அதுவும் நல் வந்தால் முழுவதையும் நல் ஆக்கும். போஸ்ட்கிரெஸின் கான்கேட் அப்படிச் செய்யாது, நல் மதிப்பை விட்டுவிட்டு மீதியை ஒட்டும். பெயர் ஒன்று, குணம் வேறு.

லெஃப்ட் ஜாயினில் பிறக்கும் நல்

இதுவரை பார்த்த நல் எல்லாம் நாம் சேமித்தவை. இரண்டு அட்டவணைகளை இணைத்து, இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிசைகளையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயின் புதிதாக நல் மதிப்புகளை உண்டாக்கும். மானி என்ற அட்டவணையில் நம் ஐந்து இடங்களோடு, புதிதாக வைத்த குளத்துமேடும் சேர்த்து ஆறு இடங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். குளத்துமேட்டுக்கு மழை அட்டவணையில் வரிசையே இல்லை.

செலக்ட் மானி.இடம், மழை.அளவு
ஃப்ரம் மானி லெஃப்ட் ஜாயின் மழை ஆன் மழை.இடம் = மானி.இடம்
வேர் மழை.நாள் = '2024-11-05';

ஆறு இடங்களும் வர வேண்டும் என்றுதானே லெஃப்ட் ஜாயின் போட்டோம்? ஐந்துதான் வரும். குளத்துமேட்டின் மழை.நாள் நல் ஆக நிற்கிறது, வேர் அதைத் தள்ளிவிட்டது. வலப்பக்க அட்டவணைக்கான நிபந்தனையை வேர் பகுதியிலிருந்து எடுத்து, ‘ஆன்’ பகுதியில் ‘ஆண்ட் மழை.நாள் = '2024-11-05'’ என்று சேர்த்துவிடுங்கள். ஆறும் வரும்.

இப்போது முடிவில் மூன்று இடங்களுக்கு அளவு நல். ஆனால் இரண்டு வகை: மேட்டுத்தெருவுக்கும் தோப்புக்கும் வரிசை இருக்கிறது, அளவு இல்லை. குளத்துமேட்டுக்கு வரிசையே இல்லை. பிரித்துப் பார்க்க மழை.எண் இஸ் நல் என்று கேளுங்கள். வரிசையை அடையாளம் காட்டும் பிரைமரி கீ நல் ஆக இருந்தால் வரிசை இல்லை என்று பொருள். இதே காரணத்தால், இடவாரியாகத் தொகுக்கக் குரூப் பை போடும்போது கவுன்ட்(*) எழுதினால் குளத்துமேட்டுக்கு 1 என்று வரும். கவுன்ட்(மழை.எண்) எழுதினால்தான் 0 வரும்.

வரிசைப்படுத்தலும் தொகுத்தலும்

ஏறுவரிசையில் அடுக்கும்போது போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் நல் மதிப்பைக் கடைசியில் வைக்கும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் முதலில் வைக்கும். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூலைட்டில் ‘நல்ஸ் லாஸ்ட்’ என்று சேர்த்து மாற்றலாம். மற்ற இரண்டில், கேஸ் போட்டு நல் உள்ளவற்றுக்கு 1, மற்றதற்கு 0 என்று கொடுத்து, முதலில் அதன்படி அடுக்க வேண்டும். குரூப் பையும், ஒரே மதிப்பு மறுபடி வராமல் தரும் டிஸ்டிங்க்டும் எல்லா நல் மதிப்பையும் ஒரே குழுவாகச் சேர்க்கும். ‘நல்லும் நல்லும் சமமா என்று தெரியாது’ என்ற விதி இங்கே செல்லாது.

நல் மதிப்புகளையும் சமமாகக் கருதி ஒப்பிட வேண்டுமென்றால், போஸ்ட்கிரெஸில் ‘இஸ் நாட் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்’, மைஎஸ்கியூஎல்லில் <=> குறி, எஸ்கியூலைட்டில் வெறும் ‘இஸ்’. பழைய மதிப்பும் புதிய மதிப்பும் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலைகளுக்கு இது அவசியம்.

அட்டவணையை வடிவமைக்கும்போது

ஒரு நெடுவரிசை நிச்சயம் நிரம்பியிருக்க வேண்டுமென்றால் நாட் நல் போடுங்கள். இடம், நாள் இரண்டுக்கும் நாம் போட்டது அதனால்தான். எல்லாவற்றுக்கும் நாட் நல் போட்டுவிட்டு, தெரியாததற்கு -1 அல்லது 9999 என்று நிரப்புபவர்களும் உண்டு. செய்யாதீர்கள். நல் மதிப்பை ஏவிஜி தாண்டிப் போகும், 9999-ஐத் தாண்டாது.

மதிப்பைச் சோதித்து ஏற்கும் செக் விதியில் ஒரு நுணுக்கம்: ‘செக் (அளவு >= 0)’ என்று போட்டாலும் நல் உள்ளே வந்துவிடும். வேர் உண்மையை மட்டும் ஏற்கும், செக் பொய்யை மட்டும் மறுக்கும். ‘தெரியாது’ என்பது இங்கே தேறிவிடும். ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்னும் யூனிக் விதியிலும் அப்படித்தான்; போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மூன்றும் எத்தனை நல் வேண்டுமானாலும் அனுமதிக்கும், எஸ்கியூஎல் சர்வர் ஒன்றை மட்டும் விடும். போஸ்ட்கிரெஸில் 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து ‘நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்’ என்று சொல்லி ஒன்றோடு நிறுத்தலாம். எஸ்கியூலைட்டில், இன்டிஜர் அல்லாத பிரைமரி கீயில்கூட நல் நுழைந்துவிடும். பழைய பிழை, இணக்கம் கெடாதிருக்க அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே பிரைமரி கீக்குப் பக்கத்தில் நாட் நல் என்றும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. நல் ஏன் என்று நல் சொல்லாது. மானி உடைந்ததா, ஆள் போகவில்லையா, அந்த மானியே அப்போது வைக்கப்படவில்லையா? காட் பின்னாளில், ‘பொருந்தும், ஆனால் தெரியவில்லை’ என்பதற்கும் ‘பொருந்தவே பொருந்தாது’ என்பதற்கும் தனித்தனிக் குறிகள் வேண்டும் என்றார். எஸ்கியூஎல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு அந்த வேறுபாடு தேவையென்றால் ‘காரணம்’ என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். சின்ன வேலைதான், ஆனால் இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தரவைத் திறப்பவருக்குப் பெரிய உதவி.

யாரோ உருவாக்கிய அட்டவணை உங்கள் கைக்கு வந்தால்

முதல் அறிக்கை எழுதும் முன் இதை ஓட்டுங்கள்:

செலக்ட் கவுன்ட்(*) ஆஸ் மொத்தம்,
கவுன்ட்(*) - கவுன்ட்(அளவு) ஆஸ் அளவில்லை,
கவுன்ட்(*) - கவுன்ட்(பதிந்தவர்) ஆஸ் பதிந்தவரில்லை
ஃப்ரம் மழை;

நம் அட்டவணையில் 5, 2, 2 என்று வரும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போங்கள். எண்கள் வந்ததும் அவை ஒரே வரிசைகளில் விழுகின்றனவா என்று பாருங்கள்:

செலக்ட் * ஃப்ரம் மழை வேர் அளவு இஸ் நல் ஆண்ட் பதிந்தவர் இஸ் நாட் நல்;

நம்மிடம் ஒன்றும் வராது. அளவு இல்லாத நாளில் ஆளும் போகவில்லை என்பது ஒத்துப்போகிறது. உங்கள் தரவில் சில வரிசைகள் வந்தால், யாரோ மானிவரை போயிருக்கிறார், ஆனால் எண் எழுதவில்லை. அந்த நாட்களைக் குறித்துக்கொண்டு அவரிடமே போய்க் கேளுங்கள். மானி உடைந்து கிடந்ததா, நிரம்பி வழிந்ததா என்று அவருக்குத்தான் தெரியும்.